ஆட்டுத்தோல் மூடிய மைக்

தன் குரல் நன்றாக இருக்கிறது என்று நம்புகிறவனை யாராலும் காப்பாற்ற முடியாது. குளியலறையில் பாடுகிறவன் பரவாயில்லை, தண்ணீர் தீர்ந்ததும் வெளியே வந்துவிடுவான். நான் பாடியது தோல் கிடங்கில். அங்கே தோல் தீரவே தீராது.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் நான் கிடங்கு குமாஸ்தா. சொந்த ஊர் குடியாத்தம். வீட்டில் நாலு தறி. பிறந்ததிலிருந்து தறிச் சத்தம் கேட்டே வளர்ந்ததால் எதைக் கேட்டாலும் எனக்குத் தாளமாகத்தான் கேட்கும். போதாததற்கு பாட்டும் எழுதுவேன். எழுதி, மெட்டுப் போட்டு, நானே பாடி, நானே தலையாட்டிக்கொள்வேன். (அந்த நாளில் என் பாட்டுக்குத் தலையாட்ட வேறு ஆள் கிடைக்கவில்லை.)

கிடங்கில் பதப்படுத்திய தோல்களை ஆளுயரத்துக்கு அடுக்கியிருப்பார்கள். கம்பிகளில் வரிசையாகத் தொங்கவும் விட்டிருப்பார்கள். அந்தச் சுவர்களுக்கு நடுவே நின்று பாடினால் எதிரொலியே இருக்காது. குரல் பட்டுத்துணியில் விழுந்த மாதிரி அப்படியே நிற்கும். இதைக் கண்டுபிடித்தவன் என் தோஸ்த் கபூர். தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பது அவன் வேலை. புல்புல் தாரா வாசிப்பது அவன் உயிர். டைப் மெஷின் மாதிரி பொத்தான்களும் நாலைந்து கம்பிகளும் உள்ள வாத்தியம் அது. கபூர் அதைத் தொட்டால் அழும், விட்டால் சிரிக்கும்.

"தணி, இந்தக் கிடங்குல பாடுனா ரேடியோ ஸ்டேஷன்ல பாடுற மாதிரி கீதுடா. இத்த எதுலயாச்சும் புடிச்சி வெக்கணும்" என்றான் ஒருநாள்.

பிடித்து வைக்க ஒரே ஒரு சாதனம்தான் ஊரில் இருந்தது. தோல் வாங்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் எங்கள் மேனேஜர் ஞானமுத்து சாருக்கு ஒரு டேப் ரிக்கார்டரைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இரண்டு சக்கரமும் ஒரு மைக்கும் உள்ள பெட்டி. அதற்குப் பூவேலை செய்த உறை போட்டு, பீரோவுக்குப் பக்கத்தில் வைத்து, கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டார் அவர். சர்ச் பாடகர் குழுவுக்கும் அவர்தான் தலைவர். சினிமாப் பாட்டுக் கேட்டால் முகம் சுளிப்பார்.

அவரிடம் போய் நின்றேன்.

"நீ எழுதுன பாட்டா? எங்க, ஒண்ணு பாடு, கேப்போம்" என்றார்.

இருந்ததில் மரியாதையான பாட்டு ஒன்றைப் பாடினேன்.

"தெளிவே, என் தெளிவே, உன் ஆழத்தில் என் முகம் கண்டேன்;
கை குவித்து நின்றேன், நீ நிறைந்தாய். நிறைந்தும் நில்லாமல் வழிந்தாய்."

ஞானமுத்து சார் கண்ணை மூடிக் கேட்டார். பாட்டு முடிந்தபோது கைக்குட்டையை எடுத்தார்.

"தணிகாசலம், இது ஆண்டவர் குடுத்த பாட்டு. வார்த்தையை எழுதிக் குடுத்துட்டுப் போ. ஞாயித்துக்கிழமையே கொயர்ல பாட வைக்கிறேன்."

எழுதிக் கொடுத்தேன். அந்தப் பாட்டு யாரை நினைத்து எழுதியது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. (அங்கேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.)

எங்கள் டேனரிக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி மெஷினையும் ஒரு காலிச் சுருளையும் கொடுத்தார். கூடவே ஒரு எச்சரிக்கை.

"சும்மா சும்மா போட்டு நிறுத்தாத. மெஷின் கெட்டுப்போய்டும். ஒருவாட்டி ஓட விட்டா சுருள் தீர்ற வரைக்கும் ஓடட்டும்."

இந்தக் கட்டளையை நாங்கள் வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். ஆனால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே தொண்டையைக் கனைக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், கபூர் கம்பியை முறுக்க வேண்டும். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது இதெல்லாம் எப்படி? அதற்குக் கபூரே வழி கண்டுபிடித்தான். கையில் கிடைத்த மெத்தென்ற ஆட்டுத்தோல் ஒன்றை எடுத்து மைக்கின் தலையில் போர்த்தினான்.

"இப்போ மைக் தூங்குது. நீ தாராளமா பேசு."

நான் நம்பினேன். தோல் விஷயத்தில் கபூர் சொன்னால் ஊரே நம்பும்.

நாலு பாட்டுப் பாடினோம். ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் கபூர் ஒரு கேள்வி கேட்டான். "இது யாரைப் பத்திப் பாட்டு? அது தெரியலன்னா எனக்கு மனசு ஆறாது." நானும் ஒளிக்காமல் சொன்னேன். நண்பனிடம் என்ன ஒளிப்பது? மைக்தான் தூங்குகிறதே!

முடித்ததும் சுருளைப் பின்னால் ஓட்டி, முதல் பாட்டை மட்டும் கேட்டோம். என் குரலை நான் வெளியிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. யாரோ மூக்கடைத்த ஆள் என் பாட்டைத் திருடிப் பாடுவதாகத் தோன்றியது. இரண்டாவது தடவை கேட்டதில் பரவாயில்லை. மூன்றாவது தடவையில் தேன். அதற்குள் மணி நாலே முக்கால். மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சுருளை ஒரு லுங்கியில் சுற்றி என் டிரங்குப் பெட்டியில் வைத்தேன். மூன்று வாரம் தினமும் பெட்டியைத் திறந்து பார்த்தேனே தவிர, போட்டுக் கேட்க மெஷின் இல்லை.

மூன்று வாரம் கழித்து ஓய்வு பெறும் எங்கள் ஹெட் கிளார்க் ஏகாம்பரம் சாருக்குப் பிரிவு உபசார விழா வந்தது. ஏகாம்பரம் சாரைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஆள் நல்ல உயரம், அதற்கேற்ற அகலம். அவருக்கு சரோஜா என்று ஒரு மகள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்பாவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவருவாள். அவ்வளவுதான், இப்போதைக்கு.

விழாவை டேனரி முற்றத்திலேயே வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, வேலை முடிந்ததும் மாலை நாலு மணி. ஷாமியானா, காகிதத் தோரணம், பஜாரிலிருந்து மைக் செட். ஒரு குழாய் ஸ்பீக்கரை வேப்பமரத்திலும் இன்னொன்றை ரோட்டைப் பார்த்து கேட் கம்பத்திலும் கட்டியிருந்தார்கள். தொழிலாளிகள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். நான் சாப்பிடுகிற மெஸ்ஸின் மங்கம்மாதான் பஜ்ஜியும் காபியும் செய்து கொண்டுவந்திருந்தார். மேடையில் மாலையோடு ஏகாம்பரம் சார்; பக்கத்தில் மேனேஜரின் மெஷின், அதில் நான் கொடுத்த என் சுருள். முதல் வரிசையில் சரோஜா, நீல நிறச் சேலையில்.

ஞானமுத்து சார் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம தணிகாசலம் நாலு பாட்டு எழுதிப் பாடி ரிக்கார்டு பண்ணியிருக்காரு. நம்ம ஊர்லயே, நம்ம கிடங்குலயே பண்ணது! அதுல மூணாவது பாட்டு, மலையைப் பத்தினது. ஏகாம்பரம் சாருக்குன்னே எழுதுன மாதிரி இருக்குன்னு கேள்விப்பட்டேன். நாலு பாட்டையும் கேப்போம்."

கைதட்டல். நான் எழுந்து நின்று கும்பிட்டேன். அந்த நிமிஷம் என் தலை ஏலகிரி உயரத்தில் இருந்தது.

முதல் பாட்டு பாலாற்றைப் பற்றியது. "வருவேன்னு சொல்லிப் போனாயே பாலாறே, மூணு வருஷமா மணல்தானா உன் பதிலு?" கபூரின் புல்புல் தாரா தேம்பியது. பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். பாட்டு முடிந்தது. நான் கைதட்டலுக்காகக் காத்திருந்தேன்.

ஸ்பீக்கரில் ஒரு இருமல் கேட்டது. என் இருமல். பிறகு தண்ணீர் குடிக்கும் சத்தம். பிறகு கபூரின் குரல், கொஞ்சமும் மங்காமல்.

"நெஞ்சே பேஜாராய்டுச்சுடா. பாலாறு மேல உனக்கு இவ்ளோ பாசமா?"

"பாலாறா? அது சும்மாடா. நெஜமா அது எங்க மாமாவைப் பத்தி. என் சைக்கிளை எடுத்துட்டுப் போனவரு மூணு வருஷமா வரவே இல்ல."

கூட்டம் குபீரென்று சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மைக் தூங்கவே இல்லை. ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு அத்தனையையும் ஒட்டுக்கேட்டிருக்கிறது. அடுத்து என்ன வரப்போகிறது என்று அந்த முற்றத்தில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். கபூரைத் தேடினேன். அவன் பஜ்ஜி அண்டாவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டான்.

மேடைக்கு ஓடினேன். "சார், நிறுத்திடுங்க சார், மெஷின்ல ஏதோ கோளாறு."

"கோளாறெல்லாம் ஒண்ணுமில்ல. இரு, என் பாட்டு வருது" என்று சொல்லி ஞானமுத்து சார் கண்ணை மூடினார்.

"தெளிவே, என் தெளிவே..." என்று தொடங்கியது. கூட்டத்தில் இருந்த கொயர்க்காரர்கள் கூடவே மெல்லப் பாடினார்கள். கண்ணை மூடியிருந்த அவர் முகத்தில் அப்படி ஒரு அமைதி. நான் கீழே வந்து அண்டாவுக்குப் பின்னால் குனிந்தேன்.

"வயரைப் புடுங்குடா!"

"வயரைப் புடுங்குனா மைக் செட்காரன் என்னைப் புடுங்கிடுவான். நீ போய்ப் புடுங்கு."

அதற்குள் பாட்டு முடிந்துவிட்டது.

"சாமிப் பாட்டு ஏ கிளாஸ்டா. எந்தச் சாமி?" என்றான் ஸ்பீக்கர் கபூர்.

"சாமியும் இல்ல, பூதமும் இல்ல. மங்கம்மா மெஸ்ஸு ரசம். எட்டிப் பாத்தா மூஞ்சி தெரியுதா இல்லியா? கையில ஊத்துனா நிக்குதா? வழிஞ்சிப் போய்டுது. அதான் அப்படியே எழுதிட்டேன்."

பிறகு அந்த மெஸ்ஸில் சாப்பிடுகிற நாற்பது பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஞானமுத்து சார் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைத் தேடினார். மங்கம்மா ஜல்லிக்கரண்டியும் கையுமாக எழுந்து நின்றார்.

"ஏம்ப்பா, நா ரசத்துல மூஞ்சி பாத்தியா நுவ்வு? ரேப்பு ரா, சூப்பிஸ்தா!"

எனக்குத் தெலுங்கு அரைகுறை. நாளைக்கு வா, காட்டுகிறேன் என்பதைப் புரிந்துகொள்ள அது போதுமானதாக இருந்தது.

மறுபடி மேடையில் ஏறினேன். இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. நேராக மெஷினிடம் போய், நிறுத்துகிற திருகு இதுதான் என்று ஒன்றைப் பிடித்துத் திருகினேன். அது சத்தத்தைக் கூட்டுகிற திருகு. அதுவரை முற்றத்துக்கு மட்டும் கேட்டது, இப்போது பஸ் ஸ்டாண்டுக்கும் கேட்டது. ஞானமுத்து சார் என் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தார்.

"தொடாத! மெஷின் போய்டும்!"

(மானம் போனது போனபடி இருக்கட்டும், மெஷின் போகக்கூடாது. அப்படிப்பட்ட மனிதர்.)

"மலையே, காற்றுக்கும் அசையாத மலையே! இடிக்கும் மழைக்கும் கண் திறவாத மலையே!"

கம்பீரமான பாட்டு. எல்லோரும் ஏகாம்பரம் சாரைப் பார்த்தார்கள். அவர் மாலையோடு நாற்காலியில் சாய்ந்து, மோவாய் மார்பில் பட, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். காற்றில் மாலையின் சரிகை மட்டும் அசைந்தது.

"இது எந்த மலைடா? கைலாசகிரியா?"

"ஏகாம்பரம் சாருடா! மத்தியானம் சாப்ட்டுட்டு நாற்காலியில உக்காந்தார்னா இடி இடிச்சாலும் அசைய மாட்டாரு. அந்தக் குறட்டையில தொங்குற தோலெல்லாம் ஆடும், பாத்ததில்ல நீ?"

சிரிப்பு ஷாமியானாவைத் தூக்கியது. அந்தச் சத்தத்தில் ஏகாம்பரம் சார் விழித்துக்கொண்டார். தன்னைப் பார்த்துத்தான் எல்லோரும் ஆரவாரம் செய்கிறார்கள் என்று எண்ணி, எழாமலே இரு கையையும் கூப்பி நாலு பக்கமும் வணக்கம் சொன்னார். வயதான தொழிலாளி ஒருவர் சிரிப்புத் தாங்காமல் தூணைக் கட்டிக்கொண்டார்.

நான் சரோஜாவைப் பார்த்தேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். சிரிப்பா அழுகையா தெரியவில்லை. நாலாவது பாட்டு தொடங்கியது.

"வாசலில் நின்ற வெயிலே, உள்ளே வர மாட்டாயோ..."

சத்தியமாகச் சொல்கிறேன், நாலில் அதுதான் நல்ல பாட்டு. நன்றாக விழித்துக்கொண்ட ஏகாம்பரம் சார் விரலால் தொடையில் தாளம் போட்டார். எனக்கு மட்டும் ஒவ்வொரு வரியும் என்னைத் தூக்குமேடைக்கு அழைத்துப் போகிற படியாக இருந்தது. பாட்டு முடிந்தது. இனிமேல் ஓடி எங்கே போவது? நின்ற இடத்திலேயே நின்றேன்.

"இது பொண்ணைப் பத்திதான்" என்றது கபூரின் குரல். "யாரு?"

"யார்கிட்டயும் சொல்லாத. ஹெட் கிளார்க் பொண்ணு. ஒருநாள் கிடங்குல நான் தனியா பாடிட்டிருக்கேன், திரும்பிப் பாத்தா டிபன் கேரியரோட வாசல்ல நிக்கிறாங்க. முழுசா கேட்டுட்டு, 'சார், மூணாவது அடியில சுருதி போய்டுச்சு'ன்னு சொல்லிட்டுப் போய்ட்டாங்கடா. அன்னிலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல."

"மங்கம்மா ரசத்துல எப்படி எறங்கும்? சரி, அவங்ககிட்ட சொன்னியா?"

"இன்னா விளையாடுறியா? அவங்க அப்பா மலைடா. மேல உருண்டார்னா நான் சப்பாத்தி."

அதோடு சுருள் தீர்ந்து, சக்கரம் டப் டப் டப் என்று சும்மா சுற்றியது. ஒருவரும் சிரிக்கவில்லை. இருநூறு பேரும் மேடையைப் பார்த்தார்கள். ஏகாம்பரம் சார் மாலையைக் கழற்றி வைத்தார். நாற்காலியின் இரு கைகளையும் பிடித்து மெதுவாக எழுந்தார்.

அண்டாவுக்குப் பின்னாலிருந்து கபூரின் குரல் (இது நிஜக் கபூர்) கேட்டது. "தணி! மலை அசையுதுடா!"

ஏகாம்பரம் சார் என்னிடம் வரவில்லை. மெஷினிடம் போனார்.

"மேனேஜர் சார், என் மலைப் பாட்டுக்கு அப்புறம் இவன் இன்னாவோ சொல்லிகீறான் போல. அப்போ கொஞ்சம் கண்ணசந்துட்டேன். அத்தத் திருப்பிப் போடுங்க."

திருப்பிப் போட்டார்கள். நான் பக்கத்தில் நிற்க, முழுவதையும் கேட்டார். இரண்டாவது தடவை கேட்கும்போது அந்த வார்த்தைகள் இன்னும் மோசமாக இருந்தன. கேட்டு முடித்து என் பக்கம் திரும்பினார்.

"தூங்குறேன், ஒத்துக்கறேன். ஆனா குறட்டைன்றது பொய். வாபஸ் வாங்கு."

"வாங்கிட்டேன் சார்."

"இல்லப்பா" என்றாள் சரோஜா, முதல் வரிசையிலிருந்து. "அது நெஜந்தான்."

அவர் மகளைப் பார்த்தார். "இவன் உன்கிட்ட எதனா பேசினானா?"

"இல்லப்பா. நான்தான் பேசினேன். சுருதி போச்சுன்னு சொன்னேன்."

"போச்சா?"

"போச்சு."

"இப்போ பாடுனதுல?"

சரோஜா கொஞ்சம் யோசித்தாள். "அதே எடத்துல இப்பவும் போச்சு. ஆனா பாட்டு நல்லாருக்கு."

அடக்கி வைத்திருந்த சிரிப்பு அத்தனையும் ஒன்றாக வெடித்தது. அந்த ஆரவாரத்தில் நான் பின்பக்க கேட் வழியாக நழுவி, பாலாற்று மணலில் நடந்து, கிடைத்த பஸ்ஸில் ஏறிக் குடியாத்தம் போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் வேலைக்கு வராமல் இருக்க முடியுமா? வந்தேன். மெஸ்ஸில் மங்கம்மா என் இலையில் ரசம் ஊற்றினார். ஊற்றினார் என்பது தவறு, வைத்தார். பருப்பும் தக்காளியும் போட்டுக் களி மாதிரி கிண்டியிருந்தார். "இப்போ பாரு. மூஞ்சி தெரியுதா?" ஒரு மாதம் எனக்கு மட்டும் அந்த ரசம். கடைசியில் காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பழைய ரசத்தை மீட்டேன்.

ஞானமுத்து சார் என்னைத் தனியே கூப்பிட்டார். வேலை போச்சு என்று நினைத்தேன்.

"கொயர்ல பாட்டை நிறுத்தலாமான்னு ரெண்டு ராத்திரி யோசிச்சேன்" என்றார். "ரசத்துல உன் மூஞ்சி தெரிஞ்சுது. எங்களுக்கு வேற தெரியுது. அதுக்கு நீ என்ன பண்ணுவே? பாடட்டும்." கொயர்க்காரர்கள் அதைத் தொடர்ந்து பாடினார்கள். 'வழிந்தாய்' என்ற இடம் வரும்போது மட்டும் பின்வரிசையில் இரண்டு பேர் குனிந்துகொள்வார்களாம்.

ஏகாம்பரம் சார்தான் பேசவில்லை. இரண்டு மாதம். தெருவில் எதிரே வந்தால் அவர் வானத்தைப் பார்ப்பார், நான் தரையைப் பார்ப்பேன். சரோஜாவும் இப்போது டேனரிப் பக்கம் வரக் காரணம் இல்லை. என் வாயால் என் வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டேன் என்று கபூரிடம் தினமும் புலம்பினேன். (மைக் எதுவும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான்.)

ஒரு மத்தியானம் அவரே கிடங்குக்கு வந்தார். ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்த மலைப் பாட்டை நான் முழுசா கேக்கவே இல்ல. பாடு."

நான் பாடினேன். பயத்தில் சுருதி எல்லா அடியிலும் போயிருக்கும். இரண்டாவது வரியிலேயே அவர் கண்ணை மூடிவிட்டார். பாட்டை முடித்து, தூங்கிவிட்டார் என்று எண்ணி நுனிக்காலில் நகர்ந்தேன்.

"தூங்கல" என்றார் கண்ணைத் திறக்காமலே. "நல்லாதான் எழுதிகீற. மூணாவது அடியை என் பொண்ணுகிட்ட கேட்டுச் சரி பண்ணிக்கோ. வர்ற ஞாயித்துக்கிழமை உங்க அப்பாவைக் கூட்டிட்டு வீட்டுக்கு வா. மெஷின் வேணாம்."

தை மாதம் கல்யாணம். நாதஸ்வரத்தைப் பிடித்து வைக்கிறேன் என்று ஞானமுத்து சார் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மணவறையில் நான் பேச வாயெடுத்தபோது சரோஜா தலை நிமிராமல் சொன்னாள்: "அது நின்னுச்சான்னு பாத்துட்டுப் பேசுங்க." கணவனாக நான் அவளிடமிருந்து கேட்ட முதல் வாக்கியம்.

அந்தச் சுருள் பிற்பாடு பூசணம் பிடித்துப் போய்விட்டது. என் நாலு பாட்டையும் ஆம்பூரில் இன்று ஒருத்தருக்கும் தெரியாது. நடுவில் பேசியது மட்டும் பலருக்கும் மனப்பாடம். பெண்டாட்டி சொன்ன அந்த வாக்கியமோ எங்கள் வீட்டுச் சட்டமாகிவிட்டது. இல்லாதவரைப் பற்றி யார் எதைச் சொல்லத் தொடங்கினாலும், இன்னொருவர் கையைத் தூக்கி "மெஷின் நின்னுச்சா?" என்று கேட்டாக வேண்டும்.

என் மகள் கல்யாணப் பேச்சுக்கு வேலூரிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். காபி குடித்ததும் சம்பந்தி குரலைத் தாழ்த்தினார். "எங்க சொந்தக்காரங்கள்ல ஒருத்தரைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லி வெச்சிடறேன். ரகசியமா இருக்கட்டும்."

மூலையில் சாய்வு நாற்காலியில் என் மாமனார். தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தார். சாப்பிட்டதிலிருந்து அசையாமல் கிடந்தவர், கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"மொதல்ல மெஷினை நிறுத்திட்டாங்களான்னு பாத்துக்குங்க."

வீடே சிரித்தது. சம்பந்தி மட்டும் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.